உஷார்! கம்பெனி கைவிட்ட லேப்டாப்புக்கு 'ஒரிஜினல்' பேட்டரியா?

பழைய லேப்டாப்புக்கு ஆன்லைனில் பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. அக்கா மகன் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்புக்காக வாங்கிய பேட்டரி. 2011-ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது அவன் தங்கை அந்த லேப்டாப்பில்தான் டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கிறாள். பேட்டரி செத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அந்த மாடலே நிறுத்தியாச்சும்மா, ஸ்டாக் வராது" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனால் ஆன்லைனில் வரிசையாகக் கிடைத்தது. 'ஒரிஜினல், புத்தம் புதியது, 6 செல்', அதுவும் பாதி விலைக்கு! வாங்கிவிட்டாள்.

கையில் எடுத்ததுமே எனக்குத் திக்கென்றது. அவ்வளவு லேசு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 181 கிராம். செத்துப்போன பழைய பேட்டரியை வைத்தேன்: 318 கிராம். உள்ளே இருப்பது 18650 என்ற ரகம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். ஆறு செல் இருந்தால் அதுவே 270 கிராம் ஆகிவிடுமே!

ரிச்சி தெருவில் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிரித்துக் காட்டினார். ஆறு செல்லுக்கான இடத்தில் மூன்றுதான் இருந்தன, மீதிப் பள்ளம் காலி. மூன்றும் மூன்று நிறம். ஒன்றின் தலையில், வேறு எதிலிருந்தோ பிய்த்தெடுத்த வெல்டிங் தழும்பு. ஆறு செல்லுக்கான சார்ஜ் இந்த மூன்றுக்குள் பாய்ந்திருந்தால்? அவள் லேப்டாப்பை மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டபடியே தூங்கிப்போகிறவள். (நீங்களாக ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பிப் பார்க்காதீர்கள். செல்லில் ஓட்டை விழுந்தால் கையிலேயே தீப்பிடிக்கும்.)

கொஞ்சம் யோசியுங்கள். கம்பெனி தயாரிப்பதையே நிறுத்திவிட்ட பொருள், ஒரிஜினலாகவும் புதிதாகவும் எப்படி இருக்க முடியும்? நிஜமான ஒரிஜினல் என்றால், அது பல வருஷம் குடோனில் கிடந்த சரக்கு. லித்தியம் பேட்டரி உபயோகிக்காவிட்டாலும் மூப்படையும், தானாகச் சார்ஜ் இறங்கும். ஒரு செல்லின் வோல்டேஜ் 2.5-க்கு வெகு கீழே போய்க் கிடந்தால், உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். நிஜமாகவே புதியது என்றால், வேறு யாரோ செய்து கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியது. தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று நேர்மையாக விற்கிற தயாரிப்பாளரைத் தாராளமாக நம்பிப் பார்க்கலாம். பெயரைத் திருடியவனை எப்படி நம்புவது?

பெரிய கம்பெனிப் பொருளும் தவறும்தான். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்தான். ஆனால் அங்கே பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தது. மூன்று செல் டப்பாவில் கோளாறு என்றால் யார் வந்து திரும்பப் பெறுவார்கள்?

சார்ஜர் கதையும் இதேதான். 65 வாட் என்ற ஸ்டிக்கருக்குள் அதைவிடச் சின்ன சர்க்யூட் இருக்கும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? விற்பவரிடம் லேபிளின் போட்டோ கேளுங்கள். தயாரித்த மாதம், வருஷம் தெரிய வேண்டும். லேப்டாப் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். எண்ணும் லேபிளில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லையா, விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். எடை போட்டுப் பாருங்கள்.

"ரிட்டர்ன் கிடையாது" என்றுதான் எங்களுக்கும் பதில் வந்தது. அது செல்லாது. போலியான பொருளையோ, சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

லேப்டாப் இப்போது பேட்டரி இல்லாமல் நேராகச் சார்ஜரில் ஓடுகிறது. கரன்ட் போனால் வகுப்பும் போய்விடும், பரவாயில்லை என்கிறாள் அக்கா மகள். புகாருக்கு ஆதாரம் வேண்டுமே என்று அந்த மூன்று செல்லையும், முனைகளில் டேப் ஒட்டி, மொட்டை மாடியில் மணல் நிரப்பிய மண்தொட்டியில் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் கொண்டுவர அக்கா விடவில்லை.