ஏரி எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மாலை, மாம்பலம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் மூட்டை போன்ற பையைச் சுமந்த வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கைப்பேசியில் இருந்த வரைபடத்தைக் காட்டி, "லேக் வியூ ரோடு எங்கே?" என்று கேட்டார். என் வீடு அதன் பக்கத்தில்தான். அழைத்துச் சென்றேன். தெருவின் இரு புறமும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ரோடு சரி. ஏரி எங்கே?"

நான் விழித்தேன். பிறந்தது முதல் அந்தத் தெருவில் நடப்பவன். அதன் பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை!

அவர் உதயப்பூரில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவர். பிச்சோலா ஏரியில் படகில் சென்றதையும், நீரின் நடுவே நிற்கும் அரண்மனையையும் பற்றி ஆர்வத்தோடு சொன்னார். சென்னையிலும் ஓர் ஏரிக்கரையில் மாலைப் பொழுதைக் கழிக்கலாம் என்ற நினைப்பில் வந்திருக்கிறார். அவரை வெறுமனே அனுப்ப மனமில்லை. வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தேன். விவரம் கேட்ட என் ஆயா சிரித்தார். "நாம குந்திக்கினு இருக்கறதே அந்த ஏரிக் கரைலதான்டா. ரயிலுக்கு அந்தாண்ட பூரா தண்ணிதானாம். என் மாமியா சொல்லும்" என்றார்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோது அவர் சொன்னது உண்மை என்று அறிந்தேன். நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது அந்த ஏரி. ஆங்கிலேயர் அதை 'லாங் டாங்க்' என்றே அழைத்தனர். அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, சென்றது. நகரம் பெருகி வீட்டுமனை தேவைப்பட்டபோது, நீதிக்கட்சி ஆட்சியில், 1923இல் மாம்பலம் பகுதி ஏரியை வடித்துப் புதிய நகர் அமைக்கும் பணி தொடங்கியது. 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரி 1970களில் தூர்க்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த இடத்தில்தான்.

நம் நாட்டு ஏரியின் அமைப்பை இங்குச் சொல்லியாக வேண்டும். சரிவான நிலத்தில், தாழ்ந்த பக்கம் மண்கரை போட்டு மழைநீரைத் தடுத்தால் அது ஏரி. வரத்துக்கால் நீரைக் கொண்டுவரும். மதகு வயலுக்கு நீர் விடும். மிஞ்சிய நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். உதயப்பூரின் பிச்சோலாவும் மனிதர் கரை கட்டித் தேக்கிய ஏரிதான். அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம் தூர்த்துவிட்டோம்.

ஏரியைத் தூர்க்கலாம்; நிலத்தின் சரிவை என்ன செய்வது? மழைநீர் இன்றும் பழைய பள்ளத்தைத் தேடியே வருகிறது. வந்த இடத்தில் தாரும் சிமெண்டும் இருப்பதால் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மாம்பலம் கால்வாய் வழியாகத் தி.நகரையும் நந்தனத்தையும் கடந்து அடையாற்றில் சேர வேண்டும். ஆற்றின் நீர்மட்டம் கால்வாயின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். முதலாண்டில் நாம் படித்த பாடம்தான் இது.

2021 நவம்பரில் அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. தரைத்தளத்தில் எங்களுக்கு ஒரே அறை. என் தந்தை தெருமுனையில் இஸ்திரி போடுபவர். முழங்கால் அளவு நீரில் நின்றபடி, ஊரார் துணி மூட்டைகளை முதலில் பரணில் ஏற்றினார். பிறகு என் பள்ளிச் சான்றிதழ்களை ஏற்றினார். கரி மூட்டை நனைந்துபோயிற்று. வெயில் வரும்வரை தொழில் இல்லை. அன்று நாங்கள் மழையைத் திட்டினோம். 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றபோது வெயிலைத் திட்டினோம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்த ஆண்டு அது. மழைக்காலத்து நீரைக் கோடைக்கு வைத்திருந்த இடம் போய்விட்டதால் வந்த துன்பங்கள் இவை இரண்டும் என்று இன்று புரிகிறது.

ஏரியைத் தூர்த்தவர்களைப் பழித்துப் பயனில்லை. அன்று மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. தி.நகர் வீடுகளின் துணிகளால்தான் எங்கள் அடுப்பும் எரிகிறது. ஆனால் இருக்கும் கால்வாயில் குப்பை கொட்டாதிருக்கலாம். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் திறந்து பார்க்கலாம். எங்கள் தெருத் தொட்டிகள் சிலவற்றை இவ்வாண்டு நண்பர்களோடு திறந்தேன். பல தொட்டிகளில் மண்ணே நிறைந்திருந்தது!

அன்று மாலை அந்த விருந்தினரை மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு அழைத்துச் சென்றேன். நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சிறியதுதான், ஆனால் இருக்கிறது" என்றார்.

தோழர்களே, உங்கள் தெருவின் பெயரையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஆயா இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.