கன வடிவ ஓவியமும் காமிராக் கலையும்

சொம்பின் வாய் என்ன வடிவம் என்று கேட்டால், வட்டம் என்றே எவரும் விடை கூறுவர். அச்சொம்பை மேடைமீது வைத்து, சற்றே விலகி நின்று ஒரு புகைப்படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டத்தைக் காணோம். நசுங்கிய நீள்வட்டம் ஒன்றே இருக்கிறது. காமிரா பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. ஆயினும் வாய் வட்டம் என்று நாம் அறிந்திருப்பதும் பொய்யன்று. காண்பதற்கும் அறிவதற்கும் இடையே உள்ள இந்தப் பிணக்கை எடுத்துக் கொண்டு ஆராய்ந்ததே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் தோன்றிய கியூபிசம் என்னும் கன வடிவ ஓவிய முறை. வாயை மேலிருந்து கண்ட வட்டமாகவும், உடலைப் பக்கத்திலிருந்து கண்ட வளைவாகவும் ஒரே சித்திரத்தில் தீட்ட அது துணிந்தது. வீட்டுப் பொருள்களைப் படம் பிடிக்க விரும்புவோர் அம்முறையிலிருந்து எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்பதே இங்கு நாம் ஆராயப் போவது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோருக்கு இத்துறையின் பெயரே முதல் இடர். கனி, குவளை, குடுவை முதலியவற்றை மேசைமீது அடுக்கித் தீட்டும் சித்திரத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘நாத்யூர் மோர்த்’ என்பர்; உயிரற்ற இயற்கை என்பது அதன் பொருள். ஆங்கிலேயரோ ‘ஸ்டில் லைஃப்’ என்று கூறி, அசைவை மட்டும் மறுத்து உயிரை விட்டு வைத்தனர். தமிழில் ‘அசையாப் பொருட் சித்திரம்’ எனலாம். சட்ட ஏடுகளில் நிலமும் வீடும் அசையாச் சொத்து, பாத்திரம் பண்டங்களோ அசையும் சொத்து என்பதை நினைத்தால் சற்று நகைப்புத் தோன்றும். எனினும் அதைவிட நல்ல சொல் எமக்குக் கிட்டவில்லை.

மும்பையில் காட்கோபரிலிருந்து அந்தேரி நோக்கி மெட்ரோ ரயிலில் செல்வோர், இரண்டாவது நிலையமான அசல்பாவை நெருங்குகையில், குன்றின் சரிவு முழுதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பன போன்ற சிறு வீடுகளைக் காண்பர். அவற்றின் சுவர்களுக்குத் தன்னார்வலர்கள் பல நிறங்களில் வண்ணம் பூசினர். உயரத்தில் ஓடும் வண்டியிலிருந்து பார்க்கையில், எந்த வீடு முன்னே, எந்த வீடு பின்னே என்பது ஒரு கணம் புலப்படுவதில்லை. ஒன்றின் கூரை விளிம்பே மற்றொன்றின் வாயிற்படி போலத் தோன்றும். தொலைவு மறைந்து, வண்ணக் கட்டங்களே எஞ்சும். கன வடிவ ஓவியம் பெயர் பெற்றதும் இத்தகைய ஒரு சரிவினால்தான். 1908ஆம் ஆண்டுக் கோடையில் ஜார்ஜ் பிராக் என்னும் பிரெஞ்சு ஓவியர், மார்செய் நகருக்கு அருகிலுள்ள எஸ்தாக் என்ற கடலோர ஊரின் வீடுகளைத் தீட்டினார். கதவில்லை, சன்னலில்லை, அடிவானமும் இல்லை. வீடுகள் பெட்டிகளைப் போலச் சட்டத்தின் மேல் விளிம்புவரை அடுக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் பாரிஸில் அவை காட்சிக்கு வந்தபோது, லூயி வோசெல் என்ற விமரிசகர், பிராக் எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிட்டார் என்று எழுதினார். குறையாகச் சொன்ன சொல் பெயராகவே நிலைத்துவிட்டது.

பிராக்கும் பிக்காஸோவும் அடுத்த ஆறாண்டுகள் பெரிதும் ஆராய்ந்தவை மேசைமேல் கிடக்கும் பொருள்களே: கண்ணாடிக் குவளை, புட்டி, புகைக்குழாய், செய்தித்தாள், கிதார். அரிய பொருள்களை அவர்கள் நாடாமைக்குக் காரணம் உண்டு. நன்கு பழகிய பொருளைத்தான் உடைத்துக் காட்ட முடியும். பாதி தெரிந்தாலும் மீதியைக் காண்பவர் மனமே நிரப்பிக் கொள்ளும். கண்டறியாத கருவியைத் துண்டாக்கிக் காட்டினால் எஞ்சுவது குழப்பமே. நிறத்தையும் அவர்கள் பழுப்பு, சாம்பல் என ஒடுக்கிக் கொண்டனர், கண் வடிவத்தை விட்டு வழுவாதிருக்க. 1912இல் பிக்காஸோ இன்னும் ஒரு படி சென்று, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்திற்கு மாறாகக் கயிற்றையே சுற்றி வைத்தார். இயந்திரம் அச்சிட்ட பிம்பமும் கை தீட்டிய கோடும் அங்கே அருகருகே அமர்ந்தன.

இம்முறை இந்தியாவுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் 1920களின் தொடக்கத்திலேயே கன வடிவங்களைக் கையாண்டார். ஆனால் அவர் நாடியது குவளையையன்று, மாடிப்படிகளையும் இருண்ட அறைகளில் புகும் ஒளியையும். பம்பாயில் 1947இல் கூடிய முற்போக்கு ஓவியர் குழுவைச் சேர்ந்த கே. எச். ஆரா, வீட்டு வேலையாளாகவும் கார் கழுவுபவராகவும் பிழைத்தவர். பூச்சாடியும் கனியும் கலயமும் அவர் விரும்பித் தீட்டிய பொருள்களுள் அடங்கும். அவர் கன வடிவ ஓவியர் அல்லரெனினும், அடுக்களைப் பண்டத்தைத் தாழ்வாகக் கருதாத கண் எத்தகையது என்பதை அவர் சித்திரங்களில் காணலாம்.

இனிக் காமிராவுக்கு வருவோம். ஓவியன் பொருளைச் சுற்றி நடந்து, பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்துத் தீட்டுகிறான். காமிராவுக்கோ ஒரே கண், ஒரே கணம். கன வடிவ ஓவியம் எதை உதறியதோ அதுவே காமிராவின் இயல்பு. எனவே, ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்குவது எளிதன்று. இதற்கு விடை கண்ட மூவரை மட்டும் சொல்வோம்.

முதலாமவர் அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட். நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘291’ என்ற சிறு கூடம் 1911லேயே பிக்காஸோவின் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தது. அக்கூடத்தோடு பழகிய ஸ்ட்ராண்ட், இப்புதிய ஓவியங்கள் எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்று காமிராவைக் கொண்டே தெரிந்து கொள்ள விரும்பினார். 1916ஆம் ஆண்டுக் கோடையில், கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸ் என்னுமிடத்தில், சாதாரணச் சமையலறைக் கிண்ணங்கள் நான்கை எடுத்துக் கொண்டார். மிக நெருங்கி, விளிம்புகள் சட்டத்தில் வெட்டுண்டு போகுமாறு படம் பிடித்தார். முழுக் கிண்ணம் எதுவும் இல்லை. வளைவும் நிழலும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மற்றொரு படத்தில், தாழ்வாரத்தின் வட்ட மேசையைச் சாய்த்து, கைப்பிடிக் கம்பிகளின் நிழல் பட்டை பட்டையாக அதன்மேல் விழச் செய்தார். வில்லை ஒன்று, கணம் ஒன்று. எதையும் வெட்டி ஒட்டவில்லை. பொருளை உடைக்கும் வேலையை நிழலிடம் ஒப்படைத்துவிட்டார். இவ்வழியில் அவர் நெடுநாள் நிற்கவில்லை. அங்கே கற்ற கட்டுமானத்தைத் தெருவில் கண்ட மனித முகங்களுக்கும் இயந்திரங்களுக்கும் எடுத்துச் சென்றார். மூவருள் எம் மனம் சாய்வது இவர்பால்தான்.

இரண்டாமவர் பிளாரன்ஸ் ஹென்ரி. ஓவியர் லெஜேயிடம் பயின்ற இவ்வம்மையார், 1920களின் பிற்பகுதியில் கண்ணாடிகளைத் துணைக்கொண்டார். பழத்தின் அருகே ஆடியை நிறுத்தினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே படத்தில் அமைந்துவிடும் அன்றோ? மூன்றாமவர் ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி. 1982இல் இவர் உடனே அச்சாகும் போலராய்டு படங்களைப் பல கோணங்களில் எடுத்து, வெண்கரை தெரியக் கட்டம் கட்டமாக அடுக்கினார். ஒற்றைக் கண்ணோட்டம் மனிதப் பார்வைக்கு ஒவ்வாது என்பது அவர் வழக்கு. அவருடைய அடுக்கில் கண் நகர்கிறது. நகர்வதற்குக் காலமும் பிடிக்கிறது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காட்கோபரில் பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயர்ந்த மாடங்கள் எழுந்து வருகின்றன. எம் கட்டடமும் அவ்வரிசையில் உள்ளது. வாடகை வீட்டுக்கு மாறும் குடும்பங்கள் முதலில் கழிப்பவை பழைய பாத்திரங்களே. பரணிலிருந்து இறங்கும் தவலையும் வெண்கலப் பானையும் எடைக்குப் போகின்றன. போகுமுன் ஒரு படம் எடுத்து வைப்போம் என்று எல்லோரும் நினைக்கின்றனர். ஆனால் அந்த ஒரு படத்தில் என்ன அகப்படும்? தாய்வீட்டுச் சீராக வந்த சொம்பை எண்ணுங்கள். கழுத்தில் ஒரு பக்கம் பெயர் பொறித்திருக்கிறது. நேர் எதிர்ப் பக்கத்தில், என்றோ கிணற்றடியில் விழுந்த சொட்டை. உள்ளே தேய்ந்த ஈயப் பூச்சு. அடியில் புளியிட்டுத் துலக்கிய வட்டத் தடம். இந்நான்கும் எக்கோணத்திலிருந்தும் ஒருசேரத் தெரிவதில்லை. பெயரைக் காட்டும் படம் சொட்டையை மறைக்கும். கன வடிவ ஓவியர் எதிர்கொண்ட வினாவே, வேறு உருவில், நம் அடுக்களைக்கு வந்து நிற்கிறது.

எனவே, எம் வீட்டில் இவ்வாறு செய்து வருகிறோம். காலையில் சன்னலோரம் ஒரு பலகை. அதன்மேல் சுருக்கமில்லாத பழுப்புத் துணி. பொருள் மூன்றுக்கு மிகாது: சொம்பு, காபி வடிகட்டி, அஞ்சறைப் பெட்டி. மும்பையில் இரும்புக் கம்பியிடாத சன்னல் அரிது. காலை வெயில் அதன் கட்டங்களைப் பித்தளைமேல் வரையும்போது ஸ்ட்ராண்ட் வழியில் சில படங்கள். பிறகு, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சொம்பின் பின்னே சாய்த்து நிறுத்தி, முன்னே பெயரும் ஆடியில் சொட்டையும் தெரிய ஒரு படம். கண்ணாடியில் படம் எடுப்பவர் முகம் தோன்றாதபடி ஓரமாக நிற்க வேண்டும். பொறித்த எழுத்து ஆடியில் இடவலம் மாறித் தெரியுமாதலால் பெயர்ப் பக்கத்தை எப்போதும் முன்னே வைப்பதே முறை.

பல படங்களை ஒட்டி அமைப்பதற்குக் கைபேசிக் காமிராவே போதும். ஒன்று மட்டும் முக்கியம்: வெளிச்ச அளவையும் குவியத்தையும் முதற்படத்திலேயே பூட்டிவிட வேண்டும்; இல்லையேல் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம் காட்டும். வாயை மேலிருந்தும், கழுத்தை நேராகவும், அடியைக் கவிழ்த்து வைத்தும் எடுத்து, தபால் அட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, இணையும் விளிம்புகளைத் தேடிப் பாருங்கள். துண்டுகள் பிசகின்றிப் பொருந்த வேண்டியதில்லை. பொருந்தாத இடத்தில்தான் நாம் நடந்து சென்ற தடம் தெரிகிறது. ஒரே படத்தைப் பொத்தானை அழுத்திக் கோணல்மாணலாகச் சிதைத்துத் தரும் கணினி வித்தைகளும் இன்று உண்டு. அவற்றில் உடைந்த கண்ணாடியின் தோற்றம் இருக்கும். சொம்பின் மறுபக்கம் இராது, காமிரா அங்கே போகவே இல்லையே!

ஜூன் முதல் செப்டம்பர்வரை மும்பையில் மழைக்காலம். அப்போது சன்னல் கம்பியின் நிழலை எதிர்பார்ப்பதற்கில்லை. மேகம் வடிகட்டித் தரும் மெல்லிய ஒளியில் பித்தளையின் பளபளப்பு அடங்கி, பொறித்த எழுத்தும் நெளிவும் தெளிவாகத் தெரியும். ஆடிப் படங்களுக்கும் ஒட்டுப் படங்களுக்கும் அதுவே ஏற்ற காலம். நிழற்படங்களை அக்டோபருக்கு ஒதுக்கி வைக்கலாம்.