காப்பீட்டுப் பதிவுகள் ஆய்வுக்கு உதவுமா?

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையுடன் ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது, அவருடைய வயது, பாலினம், ஊர், நோய், சிகிச்சை, அதற்கான தொகை ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. மருத்துவமனைக்குப் பணம் வழங்குவதே இப்பதிவின் முதல் நோக்கம். எனினும், பணம் வழங்கியதோடு அதன் பயன் முடிந்துவிடுவதில்லை. இலட்சக்கணக்கான பதிவுகளை ஒன்றுசேர்த்து நோக்கினால், யாருக்குச் சிகிச்சை சென்று சேர்கிறது, யாருக்குச் சேரவில்லை என்பது புலப்படும்.

ராஜஸ்தான் காட்டிய உண்மை

ராஜஸ்தானில் 2015 டிசம்பரில் தொடங்கிய பாமாஷா காப்பீட்டுத் திட்டம், ஏழை மக்கள் 4.6 கோடிப் பேருக்கு இலவச மருத்துவமனைச் சிகிச்சை பெறும் உரிமையை அளித்தது. பாஸ்கலின் டூபா, ராதிகா ஜெயின் ஆகிய பொருளியல் அறிஞர்கள் அத்திட்டத்தின் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தனர். சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெண்கள் 33 சதவீதமே. முதியோரில் 43 சதவீதமே. நோயின் பரவலில் உள்ள ஆண்–பெண் வேறுபாட்டைக் கொண்டு இந்த இடைவெளியை விளக்க இயலவில்லை. திட்டம் இருந்தும் குடும்பங்களுக்குச் சில செலவுகள் எஞ்சின. அச்செலவை மகனுக்காக ஏற்ற சில குடும்பங்கள் மகளுக்காக ஏற்கவில்லை. பணம் வழங்குவதற்காக எழுதப்பட்ட கணக்கே இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது.

ஏலூரின் கேள்வி

கொச்சியை அடுத்த ஏலூரில் வேறொரு கேள்வி நெடுங்காலமாக நிலவுகிறது. பெரியாற்றங்கரையில் உள்ள இவ்வூரில் 1947 முதல் ஃபாக்ட் உர ஆலையும், 1958 முதல் டி.டி.டி. தயாரித்த பூச்சிக்கொல்லி ஆலையும் இயங்கின. பின்னர் வேறு பல ஆலைகளும் பெருகின. மக்களின் நோய்களுக்கும் ஆலைக் கழிவுகளுக்கும் தொடர்பு உண்டா என்பதே அக்கேள்வி. 2003-இல் கிரீன்பீஸ் அமைப்பு ஏலூர் மக்களின் உடல்நலத்தைப் பிண்டிமனா என்னும் ஊர் மக்களின் உடல்நலத்துடன் ஒப்பிட்டு, பல நோய்கள் ஏலூரில் மிகுதி என அறிவித்தது. இத்தகைய கணக்கெடுப்புக்குப் பொருளும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். ஆண்டுதோறும் நடத்துவது அரிது.

கேரளத்தில் 2019 முதல் காருண்யா ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளது. சுமார் 42 இலட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை இது பாதுகாப்பு அளிக்கிறது. இதன் பதிவுகளைக் கொண்டு இவ்விரு ஊர்களையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்த செலவில் ஒப்பிட இயலும்.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் அறிய வேண்டும். புறநோயாளியாக மருந்து பெற்றுச் செல்லும் ஆஸ்துமா நோயாளி இப்பதிவில் இடம்பெறமாட்டார். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லும் ஆலைத் தொழிலாளியும், சொந்தப் பணம் செலுத்துபவரும் அவ்வாறே. இருபது ஆண்டுகள் ஏலூரில் வாழ்ந்து வேறூருக்குக் குடிபெயர்ந்தவர் அவ்வூர்க் கணக்கிலேயே சேர்வார். எனவே காப்பீட்டுப் பதிவு எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். நோயின் காரணத்தைத் தனியே நிறுவாது. நீர், காற்று ஆகியவற்றின் ஆய்வும் நேரடிக் கணக்கெடுப்பும் அதனுடன் இணைய வேண்டும்.

பெயரை நீக்கினால் போதுமா?

போதாது. சிறிய ஊரில் அரிய நோயுடைய ஒருவரை வயது, பாலினம், வார்டு ஆகிய மூன்றைக் கொண்டே அண்டை வீட்டார் அடையாளம் கண்டுகொள்வர். ஆகவே வயதைப் பிரிவுகளாக மட்டும் காட்டுவதும், மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைப்பதும் நல்ல ஆய்வின் முறைகளாகும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால், குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவைப் பயன்படுத்தக்கூடாது என்பதும், வகுக்கப்படும் தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அவ்விலக்கின் நிபந்தனைகள்.

நாம் செய்யக்கூடியவை

வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது போலவே காப்பீட்டுப் பதிவையும் சரிபார்த்தல் நன்று. அட்டையில் முகவரியும் வயதும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். வீடு திரும்பும்போது பெறும் சிகிச்சைச் சுருக்கத்தில் நோயின் பெயரும் அளிக்கப்பட்ட சிகிச்சையும் முறையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா எனக் கேட்டறிய வேண்டும். அட்டையைப் பிறருக்குக் கொடுப்பதும், கைபேசிக்கு வரும் கடவு எண்ணைப் பகிர்வதும் கூடாது. அவ்வாறு செய்தால் பிறர் பெற்ற சிகிச்சை நம் பெயரில் பதிவாகக்கூடும். பதிவு பிழையாக இருப்பின், அதைக் கொண்டு எழும் ஆய்வும் பிழையாகும். ஏலூர் போன்ற ஊர்கள் எதிர்நோக்கும் விடை, ஒவ்வொரு பதிவும் உண்மையாக இருப்பதையே சார்ந்துள்ளது.