உங்க பேர்ல யாரோ... உஷார் பாஸ்!

காலை எட்டரை மணி. பாலவனத்தம் பஸ் ஸ்டாப். அருப்புக்கோட்டை காலேஜுக்குப் போற கூட்டம் ஒரு பக்கம், விருதுநகர் போற கூட்டம் இன்னொரு பக்கம். யார் பையைத் திறந்தாலும் டிபன் பாக்ஸ், ஒரு நோட்டு, கூடவே ஆதார் ஜெராக்ஸ் நாலு காப்பி! ஸ்காலர்ஷிப்புக்கு ஒண்ணு, பேங்க்குக்கு ஒண்ணு, சிம் கார்டுக்கு ஒண்ணு, 'எதுக்கும் இருக்கட்டும்'னு ஒண்ணு.

கோணலா விழுந்த காப்பியை என்ன செய்றோம்? கடையிலேயே போட்டுட்டு பஸ் ஏறிடறோம். பேரு, பிறந்த தேதி, முகவரி, 12 இலக்க எண் எல்லாம் அதுல இருக்கு. சாயங்காலம் அதுல வடை மடிச்சுக் கொடுத்தா பரவாயில்லை. வேற கைக்குப் போனா?

'எங்கிட்ட என்ன இருக்கு திருட?'ன்னு கேட்கறீங்களா? இருக்கு பாஸ்... உங்க பேரு! உங்க பேர்ல சிம் வாங்கி இன்னொருத்தரை ஏமாத்தலாம், கடன் வாங்கலாம். போலீஸும் வசூல்காரரும் முதல்ல தட்டறது உங்க வீட்டுக் கதவைத்தான்.

தோனிக்கே இந்த கதி!

2023 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. தோனி, அபிஷேக் பச்சன் உள்ளிட்ட பிரபலங்களின் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கிச் செலவு செய்திருந்தார்கள். எப்படி? ஜி.எஸ்.டி. எண்ணுக்குள்ளேயே பான் எண் இருக்கிறது. பிரபலங்களின் பிறந்த தேதி ஊருக்கே தெரியும். அட்டையில் தங்கள் போட்டோவை ஒட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்!

தெலங்கானாவில் 2018-ல் நடந்தது இதைவிட மோசம். அங்கே ஒரு சிம் கார்டு விற்பனையாளர், இணையத்தில் கிடைத்த நிலப்பத்திரங்களில் இருந்த கைரேகைகளை அச்சு எடுத்து, ஆயிரக்கணக்கான சிம்களை உயிர்ப்பித்துவிட்டார். விதைத்து அறுக்கிற விவசாயியின் பெருவிரலையே நகல் எடுத்துவிட்டார்கள்!

அப்பத்தாவின் பெருவிரல்

நம்ம கரிசக்காட்டு ஊர்களில் முதியோர் பென்ஷனை மெஷினில் விரல் வைத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஆதார் எண், பேங்க் பெயர், ரேகை... மூன்றும் போதும். பின் நம்பரும் கேட்காது, ஓ.டி.பி.யும் கேட்காது. 'ரேகை விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க'ன்னு சொன்னா, அது நிஜமாவும் இருக்கலாம், இரண்டாவது முறை பணம் எடுக்கறதாவும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்க. மெசேஜை நீங்க படிச்சுக் காட்டுங்க.

ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ஆனா போன் நம்பர் ஆதாரோட இணைஞ்சிருக்கணும். ரேஷனுக்கோ பென்ஷனுக்கோ விரல் வைக்கிற அன்னைக்கு மறக்காம திறந்துவிடணும். இல்லேன்னா அப்பத்தா வெறும் பையோட திரும்பி வந்து உங்களைத்தான் திட்டும்!

இன்னைக்கே செய்யுங்க!

* ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதுக்காக, எந்தத் தேதி, யாருக்குன்னு அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வீணான காப்பியைக் கிழிச்சுட்டு வாங்க.

* முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்யலாம். முழு எண் தேவைப்படாத இடத்துல அதைக் கொடுங்க.

* பிரவுசிங் சென்டரில் ஃபைலை அழிச்சுட்டு, மெயிலை விட்டு வெளியே வந்துட்டுக் கிளம்புங்க.

* 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாருங்க. தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே புகார் செய்யலாம்.

* வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் அறிக்கையை இலவசமா வாங்கிப் பாருங்க. நீங்க வாங்காத கடன் அதுல இருந்தா தெரிஞ்சுடும்.

* 'உன் அக்கவுண்ட்டைக் கொடு மாப்ள, மாசம் ரெண்டாயிரம் தர்றேன்'னு எவனாவது சொன்னா ஓடிடுங்க! திருட்டுப் பணம் உங்க கணக்கு வழியா போனா, விசாரணைக்கு நிக்கப் போறது நீங்கதான்.

பணம் போயிடுச்சா? அழுதுட்டு உட்காராதீங்க. உடனே 1930-க்கு போன் போடுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும். அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். அவரால் நம்ம ஊருக்கு ஒரு பேரு கிடைச்சது. அவ்வளவு பெரிய பேரு வாங்கறது கஷ்டம்தான். இருக்கிற பேரையாவது எவனுக்கும் விட்டுக் கொடுக்காம இருப்போமே... என்ன பாஸ், பையில் இருக்கிற அந்த நாலாவது காப்பியைக் கிழிச்சாச்சா?