கடைசல் பட்டறையும் கணக்குப் பாடமும்

கொங்கு நாட்டின் பெருநகரமாகிய கோயம்புத்தூர் இயந்திரத் தொழிலுக்குப் பேர்போனது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், அங்கு நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளையும் உழவர்க்கு வேண்டிய நீரிறைக்கும் பொறிகளையும் செய்யும் பட்டறைகள் பல எழுந்தன. இரும்பைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைச் செலுத்தி உருவாக்கும் பொறியைக் கடைசல் பொறி என்பர். பட்டறையில் அதற்கு வழங்கும் பெயர் லேத்து.

முன்னாளில் இத்தொழில் கைப்பழக்கத்தால் கற்கப்பட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுவன் பட்டறையில் எடுபிடியாகச் சேர்வான். இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவான். பொறிக்கு எண்ணெய் இடுவான். மூத்த தொழிலாளி கைச்சக்கரத்தைத் திருப்பும் முறையை அருகில் நின்று பார்ப்பான். சில ஆண்டுகளில், உளி எழுப்பும் ஓசையைக் கொண்டே வெட்டு மிகுந்ததா குறைந்ததா என்று அறியும் திறம் அவனுக்கு வாய்க்கும். சனிக்கிழமைதோறும் கூலியும் கிடைக்கும். உடன் பயின்றவன் புத்தகம் சுமந்து கொண்டிருக்கையில், இவன் வீட்டிற்கு அரிசி வாங்கித் தருவான். அக்காலத்தில் அவன் செய்தது பிழையென்று கூறுதல் பொருந்தாது.

இன்று பெரும்பட்டறைகளில் நிற்பது சி.என்.சி. எனப்படும் கணினிவழிக் கடைசல் பொறி. அதில் உளி எங்கிருந்து எங்குச் செல்ல வேண்டும், எத்துணை விரைவாகச் செல்ல வேண்டும் என்பவற்றை எழுத்துகளாலும் எண்களாலும் எழுதித் தருதல் வேண்டும். பொருளின் விட்டத்தை எக்ஸ் அச்சும், நீளத்தை இசட் அச்சும் குறிக்கும். வரைபடத் தாளில் அச்சுகள் வரைந்து புள்ளிகளைக் குறிக்கும் பாடம் மாணவர் அறிந்ததே. ‘இதனால் யாது பயன்?’ என்று கடைசி வரிசையில் கொட்டாவி விடச் செய்யும் அப்பாடமே இங்கு உளியை நடத்துகிறது! ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் வருவது ஒரு மைக்ரான். பத்து மைக்ரான் பிழைபட்டாலும் தள்ளிவிடத்தக்க உறுப்புகள் உள. தசமப் புள்ளி இடம் மாறினால் உளி மோதி முறிதலும் உண்டு.

ஆதலின் இன்று எடுபிடியாய்ச் சேர்ந்த சிறுவன் எடுபிடியாகவே நின்றுவிடுகிறான். தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் பிரிவில் சேர்வதற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

ஆண் பிள்ளைகளின் கல்வி நிலையோ கவலைக்கு இடந்தருகிறது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு மேல்நிலைத் தேர்வில் மாணவியர் நூற்றுக்கு 96.44 விழுக்காட்டினர் தேறினர். மாணவர் தேறியது 92.37 விழுக்காடே. இது தேர்வு எழுதியவரைப் பற்றிய கணக்கு; இடையிலேயே கூலிக்குச் சென்றவர் இதில் இடம்பெறார். ஆண்மக்களுக்கு அறிவு குறைவென்பது இதன் பொருளன்று. கட்டட வேலை, சுமை தூக்குதல், வண்டி ஓட்டுதல், உணவுப் பொட்டலங்களை வீடுதோறும் சேர்த்தல் எனப் பல வாயில்கள் அவர்க்கு விரைந்து திறக்கின்றன. அவ்விரைவே இடையூறாகிறது.

‘ஜி.டி. நாயுடு படித்தா பெரியவரானார்?’ என்று வினவும் இளைஞரும் உளர். கோவைக்குப் பெருமை தேடித்தந்த அவர் இளமையிலேயே பள்ளியை விட்டவர் என்பது உண்மை. உணவு விடுதியில் உழைத்துப் பணம் சேர்த்து, மோட்டார் மிதிவண்டி ஒன்றை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். எனினும் அவர் பள்ளியை விட்டாரேயன்றிப் படிப்பை விட்டாரல்லர். பின்னாளில் கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற முன்னின்றவரும் அவரே. பள்ளி வேண்டுவதில்லை என்று அவர் கருதியிருந்தால் அவற்றிற்காக உழைத்திருப்பாரா?

2024 ஆகஸ்டுத் திங்களில் அதே கோவையில் ‘தமிழ்ப் புதல்வன்’ என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குவது அது. பேருந்துக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் அத்தொகை உதவும். மூத்த மகனின் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அக்கூலிக்கு ஈடாகாது.