விற்பனைக்கு வந்த தாய் வீடு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, சென்ற ஆண்டு, விசாலமான குடும்ப வீடொன்று விற்பனைக்கு வந்தது. நாற்பது பேர்ச் வளவு, நான்கு அறைகள், முன்னும் பின்னும் விறாந்தை, கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு, காய்க்கும் தென்னைகள் ஐந்து, மாமரங்கள் இரண்டு, வாவிக்கு நடந்து செல்லும் தூரம் என்றெல்லாம் தரகர் தமது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியவை யாவும் உண்மை. ஒன்றை மாத்திரம் அவர் எழுதவில்லை. அவ்வீட்டின் பின்னறையில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் எமது தாயார்.

வீட்டுக்கு உரியவர் எமது தங்கை. 2006 ஆம் ஆண்டில், அவருடைய திருமணத்தின்போது, தாயார் அதனைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் அது தாயாருக்கு வந்த சீதனம். அதற்கும் முன் பாட்டியாரின் வளவு. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியில் அதன் கூரை பறந்தது; சுவர்கள் நின்றன. தந்தையார் கடன்பட்டு மீண்டும் ஓடு போட்டார். அப்பொழுதும் உறுதியில் இருந்தது தாயாரின் பெயரே. ஆண்மகனாகிய எமக்கு அங்கே ஒரு பேர்ச் நிலமும் இல்லை. நாம் குடியிருப்பது எமது மனைவியின் வீட்டில். இதைச் சொல்ல நாம் கூசவில்லை. இப்பகுதியிற் பிறந்த எவருக்கும் இது புதுமையன்று.

வெளியூர் வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் இவ்வழக்கத்தைச் சிறிது விளக்குதல் தகும். எமது பகுதியிலே மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்வதில்லை; மணமகனே மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். பெற்றோர் தாம் வாழும் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடு கட்டிக்கொள்வர். அடுத்த மகள் வளர்ந்ததும் அதனை அவளுக்குக் கொடுப்பர். கடைசி மகளின் வீட்டில் அவர்களது முதுமை கழியும். தமிழரிடையே மாத்திரமன்றிக் கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையேயும் இவ்வழக்கம் உண்டு. குடி என்பதும் தாய்வழியே வருவது. பழைய முக்குவர் சட்டத்தில் முதுசொம் ஆதனம் தாய்வழியே சென்றது. அச்சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் 1876 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அதே ஆண்டிலே வந்த விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின்பின் முக்குவர் சட்டம் வலுவிழந்தது. சட்டம் போயிற்று, பெண்ணுக்கு வீடு என்னும் வழக்கம் போகவில்லை.

அந்த வழக்கத்தின் பயன் பெரிது. கணவனோடு பிணக்கு நேர்ந்தாலும், அவன் இறந்துபட்டாலும், பெண் தன் கூரையின் கீழேயே இருப்பாள். இங்கிலாந்திலோ, 1882 ஆம் ஆண்டில் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை, மனைவியின் உடைமை பெரும்பாலும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. இந்த விடயத்தில் எமது பாட்டிமார் அக்காலத்து ஆங்கிலச் சீமாட்டிகளைவிடப் பாதுகாப்பாய் வாழ்ந்தனர் என்று வகுப்பிலே நாம் பலமுறை பெருமையோடு கூறியதுண்டு.

அப்பெருமைக்குச் சோதனை இங்கிலாந்திலிருந்தே வந்தது. திருமணத்தின்பின் தங்கை கணவரோடு அந்நாட்டுக்குச் சென்றார். அங்கே நகரத்தில், ஒடுங்கிய வாடகை வீட்டில், இரு பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நாள் கைப்பேசியிலே சில படங்களை அனுப்பினார். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் விற்பனைக்கு வந்திருந்த வீடு ஒன்று; செங்கற் சுவர்; ஆப்பிள் மரங்கள் நிற்கும் தோட்டம்; பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை. “அண்ணன், இந்த வீட்டைப் பாருங்கள். ஊர் வீட்டை விற்றால் முற்பணத்துக்குக் காணும்” என்றார். அவரது ஆசையில் நாம் பிழை காணவில்லை. தம் பிள்ளைகள் ஓடித் திரிய ஒரு வளவு வேண்டும் என்று மட்டக்களப்பிலே வளர்ந்த பெண் விரும்புவது இயல்பேயன்றோ? தரகருக்கு ஆள் அனுப்பியவரும் நாமே.

தரகர் வந்து அளந்து சென்ற அன்று மாலை, தாயார் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாம் பேச்சை எடுத்தோம். அவர் விளக்குமாற்றைச் சுவரிற் சார்த்திவிட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார்.

“கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறது கூடாது மகன். வீடு அவளுடையது, அவள் விற்கட்டும். ஆனால் நான் எங்கே இருக்கிறதென்று உங்கள் இரண்டு பேரில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.”

எமக்கு மறுமொழி வரவில்லை. உண்மை என்னவெனில், தாயார் எம்மோடு வந்து இருப்பார் எனத் தங்கை எண்ணியிருந்தார். தங்கையோடு இங்கிலாந்துக்குச் செல்வார் என நாம் எண்ணியிருந்தோம். எமது மனைவி மனமுவந்து அழைத்தார். ஆயினும் மருமகளின் சீதன வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்குத் தாயார் இசையவில்லை. அவர் வளர்ந்த முறையில், முதுமைக்குரிய இடம் மகளின் வீடு. மகளின் வீடோ விலைக்கு நின்றது.

மறுநாள் வீட்டு உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசு ஒருவரிடம் சென்றோம். அவர் கண்ணாடியை மாட்டி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பின்னர், “தாயாரின் சீவிய உரித்தை ஒதுக்கவில்லையே?” என்று கேட்டார். வீட்டை மகளுக்குக் கொடுத்தாலும், தாம் உயிரோடு இருக்கும்வரை அதில் வாழவும் அதன் பயனை அனுபவிக்கவும் பெற்றோர் தமக்கென வைத்துக்கொள்ளும் உரிமையே சீவிய உரித்து. அது முறைப்படி எழுதிப் பதியப்பட்டிருப்பின், வீடு கைமாறினாலும் வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். எழுதப்படாவிடின், பெற்றோர் அங்கே இருப்பது பிள்ளையின் தயவால் மாத்திரமே. நன்கொடையாக எழுதிய உறுதியைப் பின்னர் மீட்பதும் எளிதன்று.

2006 இல் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது எமக்கு நினைவிருக்கிறது. “மகளுக்குக் கொடுக்கையில் கொஞ்சத்தைப் பிடித்து வைப்பதா?” என்று தந்தையார் மறுத்துவிட்டார். அவர் காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. மகள் அயலை விட்டு அகலமாட்டாள். தாயின் அடுப்படியும் மகளின் அடுப்படியும் ஒரே வேலிக்குள் இருக்கும். வீடு மகளுக்கு என்பது வழக்கத்தின் ஒரு பாதி. பெற்றோர் அவளருகே என்பது மறுபாதி. முதற்பாதியை மாத்திரம் உறுதியில் எழுதினோம். மறுபாதியை ஊரும் உறவும் காத்து நின்றன. போரும் புலப்பெயர்வும் வந்து உறவுகளைக் கண்டங்களுக்கு அப்பால் கொண்டுசென்றபின், எழுதாத பாதியைக் காக்க ஒருவரும் இல்லாது போயினர்.

எழுத்தின் வலிமையை இக்கரையோர மக்கள் முன்னரும் கண்டுள்ளனர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், புதிய குடியேற்றங்களில் வீடுகள் பல “குடும்பத் தலைவர்” என்ற வகையில் ஆண்களின் பெயருக்கு வழங்கப்பட்டன. தாய்வழி வந்த வளவைக் கடலுக்குப் பறிகொடுத்த பெண்கள், புது வீட்டின் பத்திரத்தில் தம் பெயரைக் காணவில்லை. வழக்கம் ஒன்று கூறியது, காகிதம் வேறொன்று கூறியது, காகிதமே நின்றது.

தங்கை விரும்பிய இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய கதையும் இங்கே நினைக்கத்தக்கது. அங்கே பெருங்குடும்பங்களின் மாளிகையும் நிலமும் மூத்த ஆண்மகனுக்கே சென்றன. ஜேன் ஆஸ்டின் 1811 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்னும் நாவலில், கணவனை இழந்த தாயும் மூன்று பெண்மக்களும், வீடு மூத்த தாரத்து மகனுக்குச் சென்றமையால், வாழ்ந்த மாளிகையை விட்டு வெளியேறுகின்றனர். ஆயினும் அச்சமூகத்திற்கூடப் பல பெருங்குடும்பங்கள் விதவைத் தாய்க்கெனப் பண்ணை நிலத்திலேயே ஒரு சிறு வீட்டை ஒதுக்கிவைத்தன. வாரிசு மணமுடித்து மாளிகைக்கு வந்ததும் தாய் அங்கே குடிபுகுவாள். எமது வளவில் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் கட்டிக்கொள்ளும் சிறு வீடும் அதுவேயன்றோ? மகனுக்குக் கொடுத்தவரும் மகளுக்குக் கொடுத்தவரும், முதுமைக்கு ஒரு கூரை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

அன்றிரவு தங்கையோடு பேசினோம். தாயார் கூறியதை ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் கூறினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், “அண்ணன், அம்மா உங்களோடு இருப்பா என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும்” என்றார். தாயார் உள்ளவரை விற்பதில்லை என்று முடிவு செய்தார். வெறும் வாய்ச்சொல்லாக அதனை விடவும் அவர் விரும்பவில்லை. அற்றோணித் தத்துவம் அனுப்பி, தாயாருக்குச் சீவிய உரித்து வழங்கும் உறுதியை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதி, காணிப் பதிவகத்திற் பதியச் செய்தார். நாட்டுப்புறத்து வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டனர். தங்கையின் குடும்பம் இன்னும் அந்த வாடகை வீட்டிலேயே இருக்கிறது. அவர் கொடுத்த விலை சிறிதன்று. அதனை நாம் மறவோம்.

இதனை வாசிக்கும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மகளுக்கு வீடு எழுதுங்கள். அது எமது மண்ணின் நல்வழக்கம். எழுதும்போது சீவிய உரித்தையும் சேர்த்து எழுதுங்கள். அது பிள்ளைமேற் கொண்ட ஐயம் அன்று. முன்னோர் வேலிக்குள் வைத்துக் காத்ததை நாம் எழுத்திலே காப்பது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், ஊர் வீட்டை விற்க எண்ணின் தரகரிடம் பேசுமுன் தாயிடம் பேசட்டும். மாணவர்கள் தம் வீட்டு உறுதியை ஒருமுறை பெரியோரோடு இருந்து வாசிக்கட்டும். பாட்டி, பூட்டியின் பெயர்களை அங்கே காணக்கூடும்.

வீடு இன்றும் தங்கையுடையதே. தாயார் அங்கே மாலைதோறும் வாசல் பெருக்குகிறார். தரகர் மாத்திரம் எம்மைக் காணும்போதெல்லாம், “நல்ல வளவு ஐயா, வீணாகக் கிடக்கிறதே” என்று வருந்துகிறார். வீணாகக் கிடக்கவில்லை என்று நாமும் ஒவ்வொரு முறையும் கூறி வருகிறோம்.