சென்னையில் வெளியூர் மாணவர்களின் உணவும் பொழுதுபோக்கும்

சென்னைக் கல்லூரிகளில் படிப்போரை இரு பிரிவினராகக் கொள்ளலாம். வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து போவோர் ஒரு பிரிவினர். பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்போர் மற்றொரு பிரிவினர். இக்கட்டுரை இரண்டாம் பிரிவினரைப் பற்றியது. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஓரிரு முறை கட்டுவது. உணவுக்கோ நாளுக்கு மூன்று முறை பணம் வேண்டும். எனவே வெளியூர் மாணவரின் மாதக் கணக்கு உணவில் தொடங்குகிறது. பொழுதுபோக்கு, அதில் மிஞ்சுவதைக் கொண்டு நடக்கிறது.

தங்குமிடம்

மாநிலக் கல்லூரி (1840), சென்னைப் பல்கலைக்கழகம் (1857) ஆகிய இரண்டும் மெரினா கடற்கரையை நோக்கி அமைந்துள்ளன. அவற்றின் பின்புறமுள்ள திருவல்லிக்கேணி, இயல்பாகவே மாணவர் குடியிருப்பாக மாறிற்று. இங்கு ‘மேன்ஷன்’ எனப்படும் கட்டடங்கள் ஏராளம். மாளிகை என்று பொருள்படும் பெயர் இதற்கு எப்படிப் பொருந்திற்று என்று வியக்கத் தோன்றும். மூன்று நான்கு கட்டில்கள் நெருக்கிப் போட்ட சிறு அறை, மாடிக்கொரு பொதுக் குளியலறை, துணி உலர்த்த மொட்டை மாடி ஆகியவையே மேன்ஷன். அறைகளில் சமைக்க இடமில்லை. ஆகவே சுற்றியுள்ள தெருக்களில் சாப்பாட்டுக் கடைகள் பெருகின.

வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு விடுதிகளே துணை. சைதாப்பேட்டையில் உள்ள எம். சி. ராஜா மாணவர் விடுதி இவ்வகையில் பலர் அறிந்தது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை தம் வளாகத்துக்குள்ளேயே விடுதிகளை நடத்துகின்றன.

விடுதி மெஸ்ஸும் அதன் கணக்கும்

பெரும்பாலான கல்லூரி விடுதிகளில் உணவுக் கட்டணம் ‘டிவைடிங் சிஸ்டம்’ எனப்படும் பங்கீட்டு முறையில் கணக்கிடப்படுகிறது. மாதத்தின் மொத்தச் செலவை, மாணவர்கள் அனைவரும் உணவருந்திய நாள்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு நாள் கட்டணம். எடுத்துக்காட்டாக, 100 பேர் உள்ள விடுதியில் செலவு 2,70,000 ரூபாய், மொத்த நாள்கள் 2,700 எனக் கொள்வோம். ஒரு நாளுக்கு 100 ரூபாய் ஆகும். 20 நாள் உண்டவர் 2,000 ரூபாய் செலுத்துவார்.

கேட்பதற்கு நேர்மையான முறைதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சமையற்காரர் சம்பளமும் எரிவாயுச் செலவின் ஒரு பகுதியும் ஆள் குறைந்தாலும் குறையா. பொங்கல் மாதத்தில் பலர் ஊருக்குச் செல்ல, மொத்த நாள்கள் 1,800 ஆகக் குறைந்து, செலவு 2,16,000 ரூபாயாக மட்டுமே குறைந்தால், ஒரு நாள் கட்டணம் 120 ரூபாய் ஆகிவிடும். பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட மாணவரும் இந்தக் கூடுதல் தொகையைச் சுமக்க நேர்கிறது. மெஸ் பொறுப்பை ஏற்கும் மாணவர் பிரதிநிதிகள் இதை நன்கு அறிவர். சிறப்பு உணவு நாள்களைக் கூட்டுவதா குறைப்பதா என்று விடுதிகளில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு அடிப்படைக் காரணமும் இதுவே. வசதியுள்ளவருக்கு அது கோழிக்கறி பற்றிய பேச்சு. இல்லாதவருக்கு மாதக் கடைசியில் வரும் பில்.

அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. அரசே தலைக்கு இவ்வளவு என உணவுப்படி வழங்குகிறது. கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த இப்படி 2023-இல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வுக்குப் பின்னும் ஒரு நாளுக்கு 50 ரூபாய். வேளைக்கு 17 ரூபாய்கூட வராது. சென்னைத் தேநீர்க் கடைகளில் ஒரு தேநீரும் ஒரு வடையும் என்ன விலை என்பதை அறிந்தவர்களுக்கு இத்தொகையின் அளவு விளங்கும்.

வெளி உணவு

மேன்ஷன் மாணவர்களின் முதல் புகலிடம் தனியார் மெஸ். திருவல்லிக்கேணி அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் இவற்றுள் பெயர் பெற்றது. டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் காத்திருந்து, முறை வந்ததும் உள்ளே சென்று இலையில் உண்ண வேண்டும். இந்த மெஸ்களின் சிறப்பு சோற்றுக்கு அளவில்லை என்பதே. காலை உணவைத் தவிர்த்துவிட்டு, பதினொன்றரை மணிக்கே மெஸ்ஸுக்கு வந்து ஒரே வேளையில் இரண்டு வேளைக்கும் சேர்த்து உண்பது மாணவர்களிடையே வழக்கமான சிக்கனம். உடலுக்கு நல்லதன்று என்பது அவர்களுக்கும் தெரியும்.

2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இந்நிலையைச் சற்று மாற்றின. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலையில் பத்து ரூபாய்க்குள் பசியாற முடிந்தது. இரவில் தள்ளுவண்டிக் கடைகள் கைகொடுக்கின்றன. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி உண்பதால், பெரிய உணவகங்களின் பெயரைக் கேலி செய்வது போல இவற்றைக் ‘கையேந்தி பவன்’ என்று அழைக்கின்றனர். கடற்கரை ரயில் நிலையம் பக்கம் கிடைக்கும் அத்தோ, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் வகை உணவு. 1948 முதல் இயங்கும் ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லி, ஊரிலிருந்து பணம் வந்த அன்றைக்கு உரியது.

பொழுதுபோக்கு

செலவில்லாத பொழுதுபோக்கில் முதலிடம் மெரினாவுக்கு. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலத்தை நால்வர் பகிர்ந்துகொண்டு மாலை முழுவதும் மணலில் பேசியிருக்கலாம். ஞாயிறன்று பைகிராப்ட்ஸ் சாலை என்ற பழைய பெயர் கொண்ட பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகங்கள் விரிக்கப்படும். பாட நூல் தேடிச் சென்று நாவலோடு திரும்புவோர் உண்டு. மார்கழி இசை விழாவில் சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை. ஆனால் அவற்றை நாடும் மாணவர் குறைவே.

திரைப்படத்துக்கு அண்ணா சாலையின் தேவி (1970), ராயப்பேட்டையின் சத்யம் (1974) திரையரங்குகள் பல தலைமுறை மாணவர்களைக் கண்டவை. பல்திரை அரங்குகளில் உச்சக் கட்டணம் 120 ரூபாயாக இருந்த காலத்தில் முன்வரிசைச் சீட்டு 10 ரூபாய்க்குக் கிடைத்தது. கழுத்து வலிக்கும் என்றாலும் அதற்குப் போட்டி கடுமையாக இருந்தது. கல்லூரிக் கலை விழாக்களில் ஐ.ஐ.டி.யின் சாரங், கிண்டி பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ் ஆகியவை பிற கல்லூரி மாணவர்களையும் ஈர்ப்பவை.

கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில், ஒரே காபியுடன் மரநிழலில் பல மணி நேரம் அமர்ந்திருக்கலாம். அவ்விடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா உள்ளது. நிழல் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இருக்கிறது.

மாணவிகள் நிலை

மேலே கூறியவற்றுள் பல, மாணவர்களுக்கே எளிதில் கிடைப்பவை. மேன்ஷன்கள் ஆண்களுக்கு உரியவை. பெண்கள் விடுதிகளில் இரவு உணவுக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்ற விதி பரவலாக உள்ளது. வெளியே செல்லப் பதிவேட்டில் கையெழுத்து, சில இடங்களில் பெற்றோருக்குத் தொலைபேசி அழைப்பு என்பனவும் உண்டு. இதனால் கலை விழாவின் இரவு இசை நிகழ்ச்சியும், இரவுக் காட்சியும், கையேந்தி பவனும் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஒரே வளாகத்தில் ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரமும் பெண்கள் விடுதிக்கு வேறு நேரமும் இருப்பதற்குப் பாதுகாப்பே காரணமாகக் கூறப்படுகிறது. அதை ஏற்காத மாணவிகள் பல கல்லூரிகளில் கேள்வி எழுப்பியுள்ளனர்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதன் பின் தாம்பரத்தில் தங்கியிருக்கும் மாணவி, பயணச் செலவை எண்ணாமல் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வரலாம். சொந்தப் புத்தகங்களுடன் அமர்ந்து படிக்கவும் அங்கே இடமுண்டு. விடுதிக் கதவு மூடும் நேரத்துக்கு முன் திரும்ப, அவர் மாலை ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும்.